எழுத ஒன்றும் தோன்றவில்லையா? வடசென்னைத் தெருவிலிருந்து கதைக் கரு பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தண்டையார்பேட்டையில் ஒரு மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழெட்டுப் பேர் கூடி உட்கார்ந்து எழுதுகிறோம். கல்லூரிப் பிள்ளைகள் சிலர், ஒரு நர்ஸ், ஆட்டோ ஓட்டும் ஒரு அண்ணன், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு அக்கா. புதிதாக வருகிற யாரும் முதல் நாள் சொல்வது ஒன்றுதான்: "எழுதணும்னு ஆசையா இருக்குண்ணா, எதைப் பத்தி எழுதுறதுன்னுதான் தெரியல."

கொஞ்ச நேரம் பேசவிட்டால் மனதில் இருப்பது வெளியே வரும். தங்கள் தெருவில் எழுதும்படி ஒன்றும் நடப்பதில்லை என்று நினைக்கிறார்கள். வடசென்னைக் கதை என்றாலே கத்தியும் ரத்தமும் என்று வெளியில் சொல்லிச் சொல்லி, இங்கே பிறந்த பிள்ளைகளே அதை நம்பிவிட்டார்கள். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் வெட்டவில்லை, அதனால் எங்களிடம் கதை இல்லை என்று 19 வயதுப் பெண் ஒருத்தி சொன்னபோது எனக்கு உண்மையிலேயே வலித்தது. அவள் அப்பா துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையில் மாட்டிக்கொண்டு, லாரிக்குள்ளேயே சோறு பொங்கித் தின்று, ராத்திரி முழுக்க இருந்துவிட்டு வருகிறவர். அது கதை இல்லையா?

கரு கையருகிலேயே இருக்கிறது. கண்ணும் காதும் அதைப் பிடிக்கப் பழக வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பழக்கத்துக்கு நாங்கள் செய்துபார்த்த பயிற்சிகளை அதே வரிசையில் கீழே தருகிறேன். வாரத்துக்கு ஒன்று என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்து முடித்தால் கைதான் வலிக்கும்.

தொடங்கும் முன்

ஒரு 80 பக்க கோடு போட்ட நோட்டு, ஒரு பால்பாயின்ட் பேனா. விலை உயர்ந்த டைரி வேண்டாம். அழகான நோட்டில் தப்பாக எழுதப் பயம் வரும், அந்தப் பயம் வந்தால் எழுத வராது. செல்போனில் எழுதலாமா என்று கேட்பார்கள். நிற்க இடமில்லாத ரயிலில் எழுதலாம், வீட்டில் வேண்டாம்.

நோட்டை விரித்தால் இடது பக்கம் பார்த்ததும் கேட்டதும் மட்டும். வலது பக்கம் நீங்களாகக் கற்பனை செய்வது. இந்த இரண்டையும் கலக்காமல் வைத்திருப்பது பின்னால் பெரிய உதவியாக இருக்கும். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தேதி, நேரம், இடம்.

இன்னொன்று. முதல் ஒரு மாதத்துக்கு 'அழகான', 'அருமையான', 'பயங்கரமான', 'சோகமான' என்ற நான்கு சொற்களைத் தொடாதீர்கள். அந்த இடத்தில் என்ன இருந்தது என்று மட்டும் எழுதுங்கள்.

முதல் பயிற்சி: தாளிலிருந்து பேனாவை எடுக்காமல் 10 நிமிடம்

காலையில் எழுந்ததும், பல் விளக்கும் முன்பே கூடச் செய்யலாம். போனில் 10 நிமிட அலாரம் வைத்துவிட்டு எழுத ஆரம்பியுங்கள். அலாரம் அடிக்கும்வரை பேனா நிற்கக் கூடாது, எழுதியதை அடிக்கக் கூடாது, திரும்பிப் படிக்கக் கூடாது. ஒன்றும் வரவில்லை என்றால் 'ஒன்றும் வரவில்லை' என்றே எழுதிக்கொண்டு போங்கள். நான்காவது நிமிடத்தில் மனது அலுத்துப்போய் உண்மையைச் சொல்லத் தொடங்கும். ஏழு நாள் செய்த பிறகு மொத்தமாகப் படியுங்கள். திரும்பத் திரும்ப வருகிற ஒரு ஆளோ பொருளோ இருக்கும். அதன் மேல் ஒரு வட்டம் போட்டு வையுங்கள். இதில் அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாம் பயிற்சி: காதால் எழுதுதல்

எல்லாப் பயிற்சியிலும் எனக்கு மிகவும் பிடித்தது இது.

மக்கள் பேசிக்கொள்ளும் ஓர் இடத்தில் 20 நிமிடம் நில்லுங்கள் அல்லது உட்காருங்கள். டீக்கடை பெஞ்ச், ரேஷன் கடை வரிசை, தண்ணீர்த் தொட்டியடி, கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயில், எம்.சி. ரோட்டில் துணிக்கடை வாசல், ஏதாவது. காதில் விழும் வாக்கியங்களை அப்படியே எழுதுங்கள். யார் சொன்னார்கள், ஏன் சொன்னார்கள் என்று விளக்கம் வேண்டாம். வாக்கியம் மட்டும்.

எங்கள் நோட்டில் இருக்கும் ஒரு பக்கத்திலிருந்து:

"இன்னாமே, நேத்து எம்பதுக்கு குட்த்த கூறு, இன்னிக்கு நூத்தம்பதுன்ற?"
"நேத்து வந்த மீனு வேற கண்ணு, இன்னிக்கு வந்த மீனு வேற."
"வூட்ல கீறானா?" "எங்க கீறான், விடியக்காலையே பூட்டான்."
"அந்தச் சாவி எங்கிட்டதான் கீது."

கடைசி வாக்கியத்தைச் சொன்னது யார் என்றே எங்களுக்குத் தெரியாது. ஒரு பெண் போனில் பேசிக்கொண்டே நடந்துபோனார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்து எங்களில் ஐந்து பேர் ஐந்து கதை எழுதினோம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

கேட்டதை எழுதும்போது நம் கை தானாகவே அதைத் திருத்தப் பார்க்கும். 'கீது' என்று கேட்டதை 'இருக்கிறது' என்று எழுதிவிடும். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். நான் படித்தபோது, பேசுவதுபோல எழுதியதற்காகக் கட்டுரை நோட்டில் பக்கம் முழுக்கச் சிவப்பு மையால் ஒரு கோடு இழுக்கப்பட்டது. அதற்குப் பிறகு பல வருடம் நான் எழுதிய எந்த வரியிலும் எங்கள் வீட்டுக் குரல் இல்லை. நீங்கள் அந்தக் கையைக் கொஞ்சம் கட்டிப்போடுங்கள். கதை சொல்லும் நடை எழுத்துத் தமிழில் இருக்கட்டும், ஆள் வாய் திறந்தால் அவர் பேச்சு வரட்டும்.

நம் பேச்சைக் கொச்சை என்று ஒதுக்குகிறவர்களுக்கு அதன் வயது தெரியாது. 'குந்து' பழைய தமிழ்ச் சொல். 'துட்டு' டச்சுக்காரர்கள் புழங்கிய காசின் பெயரிலிருந்து வந்தது. 'நாஸ்டா', 'பேஜார்', 'கலீஜ்', 'மஜா' எல்லாம் உருதுவின் வழியாக வந்தவை. 'நைனா' தெலுங்கு. துறைமுகத்துக்கும் சந்தைக்கும் வந்துபோன அத்தனை பேரும் ஒரு சொல்லையாவது இங்கே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உங்கள் ஆயாவின் ஒரு வாக்கியத்துக்குள் நான்கு மொழி இருக்கலாம். அதை எடுத்துப் பாருங்கள், அதிலேயே ஒரு கதை இருக்கும்.

எழுத்தில் இதை எவ்வளவு கொண்டுவருவது? எல்லாச் சொல்லையும் ஒலித்தபடியே எழுதினால் படிக்கிறவர் திணறுவார். ஒரு ஆளுக்கு இரண்டு அடையாளம் போதும். ஒருத்தர் 'கீது' என்பார், 'சொல்லிகினு' என்பார். இன்னொருத்தர் வாக்கியத்துக்கு வாக்கியம் 'கண்ணு' போடுவார். அதை மட்டும் விடாமல் பிடித்தால் பெயர் போடாமலேயே யார் பேசுகிறார் என்று தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஒட்டுக்கேட்டதில் யாருடைய பெயரும், வீட்டு அடையாளமும், நோயும், கடனும் அப்படியே கதைக்குள் போகக் கூடாது. வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஆளை விட்டுவிடுங்கள். நம் தெருவில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

மூன்றாம் பயிற்சி: விடுகதை போடுதல்

ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பெயரைச் சொல்லாமல் 15 வரி எழுதுங்கள். படித்துக் காட்டும்போது கேட்கிறவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். பாட்டிகள் விடுகதையில் செய்ததைத்தான் செய்கிறோம். பெயரைச் சொல்லக் கூடாது என்றால் கண் பொருளின் கிட்டே போயே ஆக வேண்டும்.

எங்கள் பக்கத்துக்குப் பொருத்தமான பொருள் கேரம் போர்டு. தெருவுக்குத் தெரு மன்றம், மன்றத்துக்கு மன்றம் போர்டு. புது வண்ணாரப்பேட்டையில் ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக்கோப்பையில் 3 தங்கம் வென்றுவந்தார். கேரம் பற்றி எழுதச் சொன்னால் எல்லாரும் கோப்பையிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். விடுகதைப் பயிற்சியில் ஒரு பையன் இப்படி எழுதினான்:

"மேலே ஒற்றை பல்பு. அதன் கம்பி நீளம், ஆட்கள் தலை இடிக்கும் அளவுக்குத் தொங்கும். வெளிச்சம் அந்தச் சதுரத்துக்கு வெளியே ஒரு சாண்தான். விளையாடுகிறவர்களின் முகம் இருட்டில், விரல் மட்டும் வெளிச்சத்தில். வெள்ளை மாவு தூவி, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, மிச்சத்தைக் கால்சட்டையில் துடைக்கிறார்கள். எல்லார் கால்சட்டையிலும் வலது தொடையில் வெள்ளைத் திட்டு இருக்கும். தெருவில் யார் எங்கே இருந்து வருகிறார் என்று அம்மாக்கள் கண்டுபிடிப்பது அதை வைத்துத்தான்."

வலது தொடையில் வெள்ளைத் திட்டு! அதுதான் கரு. வேலை தேடப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன மகன் ஒருவன் அந்தத் திட்டோடு வீடு திரும்புகிறான். அம்மா பார்க்கிறாள், ஒன்றும் சொல்லாமல் சோறு போடுகிறாள். அவன் அடுத்த வாரம் எழுதியது அந்தக் கதை.

பொருள் பட்டியல் வேண்டுமென்றால்: தள்ளுவண்டி இஸ்திரிப் பெட்டி, மீன்காரம்மாவின் சுருக்குப்பை, மாடிப்படிக்கு அடியில் கிடக்கும் ஒற்றைச் செருப்பு, பெயர் வெட்டிய எவர்சில்வர் குடம், வாசல் அடிபம்பு.

நான்காம் பயிற்சி: முதல், கரு, உரி

சங்கப் பாட்டின் இந்தத் திணை இலக்கணத்தைப் பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியதோடு மறந்துவிடுகிறோம். எழுதுகிறவர்களுக்கு இவ்வளவு வசதியான கருவி வேறு கிடையாது என்பது என் எண்ணம். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தின் தெய்வம், உணவு, மரம், பறவை, பறை, யாழ், தொழில் எல்லாம் கருப்பொருள். இவை கூடும்போது எழும் மனநிலை உரிப்பொருள். கடலும் கடல் சார்ந்த இடமுமான நெய்தலுக்கு அது இரங்கல்: கடலுக்குப் போனவன் வரவில்லையே என்று கரையில் நின்று ஏங்குவது. அதன் பொழுது எற்பாடு, அதாவது பகல் சாயும் நேரம்.

இப்போது அந்தச் சட்டகத்தைக் காசிமேட்டின் மேல் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கத்தைக் கட்டம் கட்டி நிரப்புவதுதான் பயிற்சி.

நிலம்: மீன்பிடித் துறைமுகம், ஏலம் போடும் கொட்டகை, ஈரத் தரை. பொழுது: விடியற்காலை 3 மணி. தெய்வம்: அம்மன், மாதா, தர்கா மூன்றும் ஒரே தெருச் சுற்றில். உணவு: டீயும் பன்னும், விற்காமல் மிஞ்சியதில் வைக்கும் குழம்பு. பறவை: காக்கை, பருந்து. பறை: ஏலம் கூறுகிறவரின் குரல், ஐஸ் உடைக்கும் மெஷினின் சத்தம். யாழ்: யாரோ ஒருவரின் சட்டைப்பையில் பாடும் போன். தொழில்: கூடை தூக்குவது, கூறு கட்டுவது, மீன் அரிவது, கிழிந்த வலையைப் பின்னுவது.

ஒவ்வொரு கட்டத்துக்கும் நேரில் பார்த்த ஒன்றுதான் எழுத வேண்டும். 'மீன்' என்று பொதுவாக எழுதினால் ஒத்துக்கொள்ள மாட்டோம். சங்கராவா, நெத்திலியா, காரப்பொடியா, கானாங்கத்தையா? பெயர் தெரியவில்லை என்றால் விற்கிறவரிடம் கேளுங்கள். அக்கா என்று கூப்பிட்டு, அவருக்கு வியாபாரம் ஓயும் நேரமாகப் பார்த்துக் கேட்டால் சமைக்கும் பக்குவத்தோடு சேர்த்துச் சொல்வார்.

கட்டம் நிரம்பியதும் ஒரே ஒரு கட்டத்தை மட்டும் மாற்றுங்கள். பொழுதை மாற்றிப் பார்ப்போம். விடியற்காலை 3 மணிக்குப் பதிலாக மே மாதம் ஒரு பகல். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்யட்டும் என்று விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. படகுகள் நெருக்கியடித்து நிற்கின்றன, சுரண்டிப் பெயின்ட் அடிக்கிறார்கள், நிழலில் வலை பின்னுகிறார்கள். ஐஸ் மெஷினின் சத்தம் அடங்கிக் கிடக்கிறது. மற்ற நாளில் புருஷன் கடலில் இருப்பான், அவள் கரையில் காத்திருப்பாள். இந்த 61 நாளும் அவன் வீட்டில் இருக்கிறான், காசு இல்லை. இரங்கல் அப்படியே திரும்பி நிற்கிறது. அவன் எப்போது கடலுக்குப் போவான் என்று அவள் காத்திருக்கிறாள். இந்த இடத்துக்கு வந்தபோது எங்கள் மாடியில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை, எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இதே நெய்தலை எண்ணூருக்குக் கொண்டுபோனால் கட்டங்கள் இன்னும் கனக்கும். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரம், எதிரே அனல்மின் நிலையப் புகைபோக்கி, சாம்பல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் வந்து படகையும் வலையையும் அலையாத்திச் செடியையும் பூசிவிட்டுப் போனது. எண்ணெய் ஏறிய வலையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கருப்பொருள் கெட்டால் உரிப்பொருள் என்ன ஆகும் என்று அந்த நிலமே கேட்கிறது. செய்தித்தாள் கேட்காத கேள்வி அது, எழுதுகிறவர்தான் கேட்க முடியும்.

கடல் பக்கம் இல்லாதவர்களும் செய்யலாம். வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை, எங்கே இருந்தாலும் உங்கள் தெருவுக்கு ஒரு பறை இருக்கும், ஒரு மரம் இருக்கும். வெட்டப்பட்ட மரமாக இருந்தாலும் அதை எழுதுங்கள்.

ஐந்தாம் பயிற்சி: அந்தாதியும் ஈற்றடியும்

இவை இரண்டும் கை சூடேற. முடிந்த சொல்லிலிருந்து அடுத்த வரியைத் தொடங்குவது அந்தாதி. யாப்பைப் பற்றிக் கவலை வேண்டாம், உரைநடையிலேயே செய்யுங்கள். ஐந்தே வரி.

தெருமுனையில் ஒரு தண்ணீர்த் தொட்டி.
தொட்டிக்கு முன்னால் இருபது குடம்.
குடத்தின் கழுத்தில் வெட்டிய பெயர்.
பெயருக்குரிய அத்தை போன மாசிக்கே போனாள்.
போனவளின் இடத்தில் மருமகள் நிற்கிறாள், அதே குடத்தோடு.

தொட்டியில் தொடங்கும்போது அத்தை வருவாள் என்று எழுதியவருக்கே தெரியாது. அடுத்த வரியைச் சொல்லே இழுத்துக்கொண்டு வந்தது.

ஈற்றடிப் பயிற்சி இதற்கு நேர்மாறு. அந்தக் காலத்தில் சபையில் கடைசி அடியைக் கொடுத்துவிட்டுப் புலவரை வெண்பா பாடச் சொல்வார்கள். நாம் காதால் பிடித்த ஒரு வாக்கியத்தைக் கடைசி வரியாக வைத்துக்கொண்டு, அதில் போய் முடியும்படி ஒரு பக்கக் கதை எழுதுகிறோம். 'அந்தச் சாவி எங்கிட்டதான் கீது' என்ற வரியை எடுத்தோம். நர்ஸ் எழுதிய கதையில் ஆஸ்பத்திரியில் இறந்துபோன ஒரு கிழவரின் வீட்டுச் சாவி, வாங்கிக்கொள்ள ஆள் வராமல், நர்ஸின் பையிலேயே பல மாதமாக இருக்கிறது. ஆட்டோ அண்ணன் எழுதியதில் பாகம் பிரிந்த அண்ணன் தம்பி, நடுவில் ஒரு பூட்டிய அறை. பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா எழுதியதுதான் எல்லாரையும் உலுக்கியது. மகள் கோபித்துக்கொண்டு போகும்போது விட்டெறிந்த சாவி, அம்மா பூட்டை மாற்றவே இல்லை. அந்த அக்கா அதுவரை எழுதியது மளிகைக் கணக்கு மட்டும்தான்.

ஆறாம் பயிற்சி: ஒரே இடம், இரண்டு காலம்

நீங்கள் தினமும் தாண்டிப்போகும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அது இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று அரைப்பக்கம், பழைய ஒரு நாளில் எப்படி இருந்திருக்கும் என்று அரைப்பக்கம். வடசென்னைக்காரர்களுக்கு இதில் யாருக்கும் இல்லாத வசதி, நம்மைச் சுற்றி நடந்தது அத்தனை.

ராயபுரம் ரயில் நிலையத்தை எடுங்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் கிளம்பியது. 1856 ஜூலை 1, வாலாஜா ரோடு வரை, ஏறக்குறைய 100 கிலோமீட்டர். தூண்கள் நிற்கும் அந்தக் கட்டிடம் இன்னும் இருக்கிறது. அன்றைக்கு இரும்புச் சத்தத்தை முதல்முதலாகக் கேட்ட ஒரு மாட்டு வண்டிக்காரர் என்ன நினைத்திருப்பார், அவர் மாடு என்ன செய்திருக்கும்? இன்று அதே நடைமேடையில் கும்மிடிப்பூண்டி லோக்கலுக்காக ஒரு பெண் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இரண்டையும் அடுத்தடுத்து வையுங்கள்.

பெரம்பூர் பக்கத்தில் இருப்பவர்களுக்கு, மூடிப்போன பின்னி துணி மில். 1918 ஏப்ரல் 27 அன்று அந்தத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. உடன் நின்றார். வரலாற்றுப் பாடம் இதோடு நின்றுவிடும். எழுதுகிறவருக்கு வேண்டியது இன்னும் கீழே இருக்கிறது. சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது அந்தத் தொழிலாளர்களின் முதல் குறைகளில் ஒன்று. மில் கேட்டுக்கு வெளியே வந்து, கை கழுவி, தூக்குச்சட்டியைத் திறந்து, சோறு நெஞ்சில் நிற்க விழுங்கிவிட்டு ஓடியவர்கள். இன்றைக்கு ஒரு உணவு டெலிவரித் தம்பி பைக்கில் உட்கார்ந்தபடியே பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு போனைப் பார்க்கிறான். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் அதே அவசரம். அந்த இரண்டு கவளத்தையும் ஒரு பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

ராபின்சன் பூங்காவில் 1949 செப்டம்பரில் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் மழையில் நடந்தது. மேடையை விட்டுவிடுங்கள். அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். மழையில் நனைந்துபோன சுண்டல் கூடையோடு கூட்டத்தின் கடைசியில் ஒரு பையன் நின்றிருக்கலாம். அவனை எழுதுங்கள்.

பழைய காலத்துக்குப் போக வீட்டுப் பெரியவர்கள்தான் வழி. ஆனால் கேட்கும் விதம் முக்கியம். "அந்தக் காலம் எப்படி ஆயா இருந்துச்சு?" என்று கேட்டால் "இன்னா சொல்றது, நல்லாத்தான் இருந்துச்சு" என்பதோடு முடிந்துவிடும். கைக்கும் வாய்க்கும் நெருக்கமான கேள்வியாகக் கேளுங்கள். எங்கள் தெருவில் மில் தொழிலாளியின் மனைவியாக இருந்த ஒரு ஆயாவிடம், "மில் சங்கு ஊதும்போது நீங்க இன்னா செஞ்சிகினு இருப்பீங்க?" என்று கேட்டோம். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"மொத சங்குக்கு அடுப்பு பத்த வெப்பேன். ரெண்டாம் சங்கு ஊதறதுக்குள்ள அவரு சைக்கிள எடுத்துடுவாரு. மில்லும் போச்சு, அவரும் போயிட்டாரு. இன்னும் அந்த நேரத்துக்கு முழிப்பு வந்துடுது கண்ணு."

இதற்கு நாம் சேர்க்க ஒன்றுமே இல்லை.

ஏழாம் பயிற்சி: செய்முறையாக ஒரு கதை

ஒரு சமையல் குறிப்பு எழுதுங்கள். எழுதிக்கொண்டே போகும்போது வீட்டு விஷயம் நடுவில் கசியட்டும். பீச் ஸ்டேஷன் எதிரில், பர்மா பஜார் ஓரத்தில் விற்கும் அத்தோ நல்ல பொருள். பர்மாவில் பிழைத்துக்கொண்டிருந்த தமிழர்கள் 1960-களில் திரும்பி வரும்போது கூடவே வந்த சாப்பாடு அது. தட்டு நிறைய நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், நொறுக்கிப் போட்ட பேஜோ என்கிற மொறுமொறு வடை, பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். கையால்தான் பிசைய வேண்டும்.

எங்கள் மாடியில் வந்த ஒன்று இப்படி ஆரம்பித்தது: "வெங்காயத்தை மெலிதாக நறுக்கிப் பொன்னிறமாக வறுக்கவும். தாத்தா வீட்டில் இருந்தால் கொஞ்சம் கருக விடவும், ரங்கூனில் அப்படித்தான் என்பார். புளியைக் கரைத்து வைக்கவும். ரங்கூனில் வேறு என்ன இருந்தது என்று அவரிடம் கேட்க வேண்டாம், சாப்பிடாமல் எழுந்துவிடுவார்." ஒரு குடும்பம் எதை விட்டுவிட்டு வந்தது என்று இதற்குள்ளேயே தெரிகிறது.

குறிப்பிலிருந்து கதைக்கு

ஏழு வாரம் ஆகியிருக்கும், நோட்டு பாதி நிறைந்திருக்கும். இப்போது இடது பக்கங்களை மட்டும் ஒரே மூச்சில் படியுங்கள். படித்து முடித்த பிறகும் மனதை விட்டுப் போகாத ஒன்றை எடுங்கள். அதனிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த ஆளுக்கு என்ன வேண்டும்? அதைத் தடுப்பது எது? ஏன் இன்றைக்கு? மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை எழுத உட்கார வேண்டாம். தொடையில் வெள்ளைத் திட்டோடு மகன் தினமும்தான் வருகிறான். அன்று மட்டும் அம்மா ஏன் பார்த்தாள்? அன்றைக்குக் காலையில்தான் அவனுடைய நேர்காணலுக்காகத் தோட்டை அடகு வைத்துப் புதுக் கால்சட்டை வாங்கிக் கொடுத்திருந்தாள். கதை அங்கேதான் கிளம்பியது.

முதலில் 300 சொல் போதும். முடித்ததும் நோட்டை மூடி ஏழு நாள் தொடாதீர்கள். எட்டாம் நாள் வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு எங்கே தடுக்குகிறதோ அந்த வாக்கியம் உங்களுடையது இல்லை, எங்கேயோ படித்தது. அடித்துவிட்டு உங்கள் வாயில் வருவதுபோல எழுதுங்கள். பெரும்பாலும் முதல் பத்தியை எடுத்துவிட்டாலும் கதை நிற்கும், அது நாம் மூச்சு வாங்கிக்கொள்ள எழுதியது. அப்புறம், கதையில் கத்தி வந்தால் ஒருமுறை நிறுத்திக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தக் கத்தியை நான் பார்த்தேனா, சினிமா கொடுத்ததா?

கடைசிப் படி, அந்த விஷயம் தெரிந்த ஒருவரிடம் படித்துக் காட்டுவது. நண்பர்கள் "சூப்பர்" என்பார்கள், அது பயன்படாது. மீன் பற்றி எழுதினால் மீன் விற்கிறவரிடம் படியுங்கள்.

எங்கள் குழுவில் ஒரு பையனின் அம்மா காசிமேட்டில் மீன் விற்கிறவர். அம்மாவைப் பற்றித்தான் எழுதியிருந்தான், ஆனால் அவரிடம் படித்துக் காட்ட அவனுக்குக் கூச்சம். மூன்று வாரம் இழுத்தடித்துவிட்டு ஒருநாள் ராத்திரி அவர் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது படித்தான். கூடையில் ஐஸ் உருகி அம்மாவின் புடவை நனைவதை ஒரு பத்தி முழுக்க எழுதியிருந்தான். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு, "எல்லாம் சரிதான்டா. ஐஸ் தண்ணி முன்னால வழியாது, கூடைய இடுப்புல வெச்சிகினு வந்தா இந்தப் பக்கம்தான் எறங்கும்" என்று இடது இடுப்பைக் காட்டினார். அந்த இடத்தில் தோல் கறுத்துக் காய்ந்து தடித்திருந்தது. அவன் அதை அதுவரை பார்த்ததில்லை. அந்தப் பத்தியை அடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தான். அவர் தைலப் புட்டியை மூடிவிட்டு, விளக்கை அணைக்காமல் படுத்துக்கொண்டார்.